மூச்சுக் குழாயில் சிக்கனமா?

மனிதன் சோறு இல்லாமல் பல நாட்கள் உயிரோடு இருந்துவிடுகிறான். தண்ணீர் இல்லாமல் இரண்டு மூன்று நாட்கள் தாக்குப் பிடிக்கிறான். மூச்சு இல்லாமல் எத்தனை நேரம் இருப்பான்? நாலைந்து நிமிடம்! அதற்குமேல் போனால் மூளை கெடத் தொடங்கிவிடும்.

அந்த நாலைந்து நிமிடத்தில் டாக்டரின் கைக்கு எட்ட வேண்டிய சாமான்கள் சில உண்டு. அவை பெரிய இயந்திரங்கள் அல்ல. ஒரு சின்னத் தட்டில் அடங்கிவிடும்.

முதலாவது, லாரிங்கோஸ்கோப். ஒரு கைப்பிடி, அதில் பேட்டரி, நாக்கைத் தூக்கிப் பிடிக்க ஒரு தகடு, தொண்டைக்குள் வெளிச்சம் காட்ட ஒரு குட்டி விளக்கு. அவ்வளவுதான். இதற்கு வளைந்த தகட்டை 1943-ல் அமைத்தவர், ஆக்ஸ்போர்டு டாக்டர் மெக்கின்டாஷ். எண்பது ஆண்டுகள் கடந்தும் உலகம் முழுவதும் அந்த வடிவம் புழக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது, வாய் வழியாக மூச்சுக் குழாய்க்குள் செலுத்தும் பிளாஸ்டிக் குழாய். அதன் நுனிக்கு அருகே சின்ன பலூன் ஒன்று இருக்கும். உள்ளே போனதும் அதில் காற்று ஏற்றுவார்கள்.

மூன்றாவது, வாய் வழியே குழாய் போகாவிட்டால், கழுத்தில் துளை போட்டு மூச்சு கொடுப்பதற்கான கத்தி, கொக்கி, இடுக்கி, குழாய். இந்த ஆபரேஷனுக்கு டிரக்கியாஸ்டமி என்று பெயர்.

இந்தச் சாமான்களை ஆஸ்பத்திரிகள் எப்படி வாங்குகின்றன? எப்படி வாங்க வேண்டும்? வட சென்னையில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி இது.

எண்ணூரில் ஓர் இரவு

2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் இருந்து தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டு செல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. ஊருக்குள் நெடி புகுந்தது. கண் எரிந்தது. நெஞ்சு அடைத்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள்.

அம்மோனியா பொல்லாத வாயு. அதிகமாகச் சுவாசித்தால் தொண்டை வெந்து வீங்கும். வீக்கம் முற்றிவிட்டால் குழாய் உள்ளே போகாது. அதற்கு முன்பே குழாயைச் செலுத்திவிட வேண்டும். அந்த நேரத்தில், "சரியான அளவு ஸ்டோரில் இருக்கிறதா, பார்த்து வா" என்று ஆள் அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா?

எண்ணூரில் இருந்து ராயபுரம் வரை ஆலைகளும், எண்ணெய்க் கிடங்குகளும், அனல் மின் நிலையங்களும், துறைமுகங்களும் நிறைந்த பகுதி. தீக்காயமும், லாரி விபத்தும், நச்சுப் புகையும் இங்கே எந்த நாளும் வரலாம். இந்த மக்களுக்குப் பெரிய ஆதரவு ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பழைய ஆட்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஒரு காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்தில் இருந்து வளர்ந்ததால் வந்த பெயர் அது. பக்கத்தில் தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் ஆஸ்பத்திரி. தொண்டை அடைப்பான் வந்த குழந்தைகளுக்கு, கழுத்துத் துளைதான் கடைசி வழி. தடுப்பூசி பரவிய பிறகே அந்தப் பயம் குறைந்தது.

ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு மூச்சு வராவிட்டால் அங்கேயும் இந்தக் குழாய் தேவைப்படலாம். அளவுதான் வேறு. ஆண்களுக்கு சுமார் 8 மில்லிமீட்டர், பெண்களுக்கு சுமார் 7, பச்சைக் குழந்தைக்கு 3 அல்லது 3.5. அரை மில்லிமீட்டர் தவறினாலும் குழந்தைக்குச் சேராது. பெரிய குழாய் பெட்டி பெட்டியாக அடுக்கி இருந்தும், சின்னது ஒன்று இல்லாவிட்டால் என்ன பயன்?

மாத்திரை வேறு, கருவி வேறு

அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் சாமானும் வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கப்பட்டது. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தனித்தனியாகக் கடை தேடி அலையாமல், மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விடும் முறை வந்தது. மொத்தமாக வாங்குவதால் விலை இறங்கியது. மாவட்டக் கிடங்குகள் ஏற்பட்டன. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பாஸ்புக் கொடுக்கப்பட்டது. வந்த மருந்தில் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கேரளாவும் ராஜஸ்தானும் பிறகு இதைப் பார்த்துத் தாங்களும் இப்படிக் கழகம் அமைத்தன. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு இது.

ஆனால், மாத்திரை வேறு, கருவி வேறு. மாத்திரையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதனைச் சாலை சொல்லிவிடும். பத்து கம்பெனி தேறினால், விலை குறைந்ததை வாங்கலாம். கருவி அப்படி அல்ல. லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு முதல் நாள் பளிச்சென்று எரியும். நூறாவது நாள்? கொதிநீராவியில் பல முறை போட்டு எடுத்த பிறகு? தகடு ஆட்டம் கண்டால், விளக்கு மினுக் மினுக் என்று அணைந்தால், டாக்டர் இருட்டில் துழாவ வேண்டியதுதான். குழாயின் பலூன் கசிந்தால், ஏற்றிய காற்று வெளியேறிவிடும். இரைப்பையில் இருந்து மேலே வரும் நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

கல்யாணத்துக்கு அண்டா வாங்கும் அம்மாள், விலையை மட்டுமா கேட்கிறாள்? தட்டிப் பார்க்கிறாள். தூக்கிப் பார்க்கிறாள். அடியில் ஒட்டு இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறாள். சோறு வடிக்கும் பாத்திரத்துக்கு இத்தனை பரிசோதனை என்றால், உயிர் காக்கும் கருவிக்கு எத்தனை வேண்டும்!

"மக்கள் பணம் அல்லவா? விலை குறைவாக வாங்குவது தப்பா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், ஆறு மாதத்தில் கெட்டுப்போகும் கருவி, ஆறு ஆண்டு உழைக்கும் கருவியைவிட விலை குறைவு என்று எப்படிச் சொல்வது? சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைச் சட்டம் விலையை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. என்னென்ன பார்ப்போம் என்பதை முன்கூட்டியே டெண்டரில் எழுதிவிட்டால் போதும். எத்தனை முறை கொதிநீராவி தாங்க வேண்டும், உதிரிப் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்க வேண்டும், எல்லா அளவும் சேர்ந்து வர வேண்டும் என்று எழுதலாம். எழுத வேண்டும்!

அதை எழுதும்போது யாரைக் கேட்க வேண்டும்? மயக்க மருந்து டாக்டரையும், இரவு டியூட்டி நர்சையும் கேட்க வேண்டும். எந்த விளக்கு அணையும், எந்தப் பலூன் கசியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கருவியில் கோளாறு கண்டால் எழுதித் தெரிவிக்க 2015 முதல் மத்திய அரசின் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. அதற்கு எழுதும் நர்சை, "வம்பு வளர்க்கிறாய்" என்று அதட்டக்கூடாது. தட்டிக் கொடுக்க வேண்டும்.

கையில் வித்தை இருக்கிறது

சாதாரண பிளாஸ்டிக் குழாய்கள் இந்தியாவிலேயே தயாராகின்றன. மூச்சுக் குழாயின் உள்ளே சென்று பார்க்கும் உயர்ந்த கருவிகள் பெரும்பாலும் ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகளில் இருந்து வருகின்றன. அறுவைக் கத்திக்கும் கத்தரிக்கும் பெயர்போன சியால்கோட் நகரம், 1947 பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. வெளிநாட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2020-ல் கொரோனா காட்டியது. பல நாடுகள் தங்கள் சரக்கை வெளியே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டன.

திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார்கள். அதுதான் பிற்காலத்தில் எம்.ஆர்.எப். டயர் கம்பெனி ஆயிற்று. அதே ஊரில் மோட்டார் சைக்கிள், எண்ணூரில் லாரி தயாரான வரலாறு உண்டு. ரப்பரையும் இரும்பையும் வசப்படுத்திய தொழிலாளர்கள் வாழும் பகுதி இது. இவர்கள் பிள்ளைகளால் ஒரு நல்ல லாரிங்கோஸ்கோப் செய்ய முடியாதா? ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்காகவே தொழிற்பூங்கா திட்டமிடப்பட்டது. அங்கே வரும் வேலையில் வட சென்னை ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் பங்கு வேண்டும். தரமான உள்ளூர்ச் சரக்கு வந்தால் ஆஸ்பத்திரிகள் நம்பி வாங்க வேண்டும். தரம் இல்லாவிட்டால், உள்ளூர் என்பதற்காக வாங்கவும் கூடாது.

வீட்டுக்கு வரும் குழாய்

கழுத்துக் குழாயோடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. தொண்டைப் புற்றுநோய் கண்டவர்கள், விபத்தில் சிக்கியவர்கள். வீட்டில் அந்தக் குழாயைக் காப்பவள் மனைவியோ மகளோதான். சளி அடைத்தால் மூச்சு நின்றுவிடும்.

ஆகவே, டிஸ்சார்ஜ் சீட்டு வாங்குமுன் நாலு கேள்வி கேளுங்கள். உள்குழாயைக் கழற்றிக் கழுவும் வகையா? அதே அளவில் மாற்றுக் குழாய் ஒன்றும், ஒரு அளவு சின்னது ஒன்றும் கிடைக்குமா? சளி உறிஞ்சும் கருவிக்கு என்ன வழி? திடீரென்று அடைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? நர்சிடம் செய்து காட்டச் சொல்லி, நீங்களும் ஒரு முறை செய்து பாருங்கள். இதில் வெட்கம் வேண்டாம்.

மாற்றுக் குழாய் வெளியே வாங்க நேர்ந்தால், பூக்கடைக்குப் பக்கத்தில் நைனியப்ப நாயக்கன் தெருவில் அறுவைச் சாமான் கடைகள் உண்டு. அளவு எழுதிய சீட்டோடு போக வேண்டும். சீட்டு இல்லாமல் குத்துமதிப்பாக வாங்கக்கூடாது.

கழுத்தில் குழாயோடு வீடு திரும்பும் ஏழைக்கு மாற்றுக் குழாயையும் ஆஸ்பத்திரியே கொடுத்தனுப்பட்டும். அரசாங்கத்துக்கு அது பெரிய செலவு அல்ல. அந்தக் குடும்பத்துக்கோ அது ஓர் உயிர்!

சிக்கனம் நல்லதுதான். விளம்பரத்தில் சிக்கனம் பிடிக்கலாம், விழாவில் பிடிக்கலாம். மூச்சுக் குழாயில் வேண்டாம்!