பாராட்டும் ஒரு கடமையே

பணி நிறைவு நாளில் மாலைக்கும் பொன்னாடைக்கும் நம்மிடையே பஞ்சமில்லை. முப்பது ஆண்டுத் தொண்டினை ஐந்து நிமிடங்களில் புகழ்ந்து முடிக்கின்றோம். ஆயின், அம்முப்பது ஆண்டுகளில் ஒரு நாளேனும், “நேற்றைவிட இன்று உங்கள் வேலை சிறந்திருக்கிறது” என்று அவரிடம் சொல்லியிருப்போமா? விடைபெறும் நாளில் வரும் பாராட்டு, விளைச்சல் முடிந்தபின் பெய்யும் மழையை ஒத்ததன்றோ!

கல்மண்டபத்தைச் சூழ்ந்துள்ள வடசென்னைப் பகுதி உழைப்பாளரின் உறைவிடமாகும். காசிமேட்டில் வலை சீர்செய்வோர், ஐஸ் உடைத்துப் பெட்டிகளில் நிரப்புவோர், துறைமுகத்தை நோக்கிக் கான்டெய்னர் லாரிகளைச் செலுத்துவோர் எனப் பலர் இங்குப் பாடுபடுகின்றனர். வலை அறுந்தால் ஏச்சு வரும்; அறாத வலையைப் பற்றிப் பேச்சே எழாது. இவர்களுள் மிகப் பலருக்குப் பணி நிறைவு விழா என்பதே இல்லை. அன்றன்று சொல்லப்படாத நல்ல சொல் இவர்களுக்கு என்றுமே சொல்லப்படுவதில்லை.

உடன் பணிபுரிபவர் காட்டும் மதிப்பு என்ன செய்யவல்லது என்பதற்குச் சென்னைத் துறைமுகமே சான்றாக விளங்குகின்றது. 1912 மார்ச்சு முதல் நாளன்று, மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஓர் எழுத்தர் சேர்ந்தார். அவரே கணிதமேதை சீனிவாச இராமானுசன். அவ்வலுவலகத்தில் பணியாற்றிய எஸ். நாராயண ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளராகவும் இருந்தவர். பதவியில் தமக்குக் கீழிருந்த இளைஞருடன் அவர் சிலேட்டுப் பலகையும் கையுமாக அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தார். இரண்டு படிகளில் தாவிச் செல்லும் இராமானுசனிடம், இடையிலுள்ள படிகளையும் எழுதுமாறு அவர் வற்புறுத்தியதாகக் கூறுவர். இராமானுசனின் தேற்றங்களைக் கணிதக் கழக இதழுக்கு அனுப்பியபோது, அவை இராமானுசனுக்கே உரியவை என்று தெளிவாகக் குறித்தார். துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஊக்கமளித்தார். 1913 சனவரி 16இல் கேம்பிரிட்சுக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய மடலில், இராமானுசன் தம்மைத் துறைமுக அலுவலக எழுத்தர் என்றே அறிமுகம் செய்துகொண்டார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது.

எல்லா எழுத்தரும் இராமானுசர் அல்லர் எனச் சிலர் கூறலாம். உண்மையே. எனினும், உலகம் அறியும் முன்பே நாராயண ஐயர் மதித்தார் என்பதுதான் ஈண்டு நாம் கருதத்தக்கது. அவர் முடிவை மட்டும் காணவில்லை, படிகளைக் கண்டார். வெறும் புகழ்ச்சியோடு நிற்கவில்லை. இன்னும் தெளிவாக எழுதக் கேட்டார். பிறர் உழைப்பின் பயனைத் தமதாக்கிக் கொள்ளவில்லை. உரியவர் பெயரோடு வெளிப்படுத்தினார். இம்மூன்றும் எந்தத் தொழிலுக்கும் பொருந்துவன.

பாராட்டு வேறு; முகத்துதி வேறு. முகத்துதி மேலே உள்ளவரை நோக்கிப் பாயும். அதற்கு வேலையைப் பற்றிய அறிவு தேவையில்லை. பாராட்டுவதற்கோ வேலையை உற்று நோக்கியிருத்தல் வேண்டும். அவ்வாறே, நல்ல சொல் நியாயமான கூலிக்கு ஈடாகாது. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்றும் அறிவுறுத்தினார்கள். கூலியும் கடன், நன்றியும் கடன். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தல் முறையன்று. வள்ளுவப் பெருந்தகையும் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார்.

நாளை அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பள்ளிகளிலும் பணியேற்கவிருக்கும் மாணவச் செல்வங்களே! அருகில் அமர்ந்து உழைப்பவர் நேற்றுத் தடுமாறிய இடத்தில் இன்று நிமிர்ந்து நிற்கின்றாரா என்று பாருங்கள். நின்றால், அதனை அன்றே அவரிடம் சொல்லுங்கள். மேலாளரிடமும் அவர் பெயரைச் சொல்லுங்கள். இதற்குப் பொருட்செலவில்லை; விழா மேடையும் வேண்டுவதில்லை. கண்ணும் மனமும் திறந்திருந்தால் போதும்.