ஏழுக்குப் பூஜ்யம்

பழவேற்காட்டுக் குப்பங்களில் குத்துச்சண்டை பேச ஆள் தேட வேண்டியதில்லை. இங்கே பல வீடுகளுக்குக் காசிமேட்டிலோ ராயபுரத்திலோ கொண்டான் கொடுத்தான் உறவு உண்டு. அந்த வழியாக சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதைகளும் வந்து இறங்கும். சார்பட்டாவின் கித்தேரி முத்து வெள்ளைக்காரன் டெர்ரியை வீழ்த்தியதை நேரில் பார்த்த மாதிரியே சொல்வார்கள். சொல்கிறவர் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டார்.

கோட்டைக்குப்பத்தில் எனக்கு மாமா முறையாகும் ஒருவர் விஜேந்தர் சிங்கின் பரம ரசிகர். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே என்னை மடக்குவார். “என்னா மாப்ள, பன்னெண்டு பேர அட்ச்சவன் ஒரு தபா உய்ந்தா அவன் வீரன் இல்லியா?”

வீரன்தான் மாமா. ஆனால் தொழில்முறையில் வந்த அந்தப் பன்னிரண்டு வெற்றிகளில்தான் எனக்குச் சந்தேகமே.

விஜேந்தருக்கு பிவானிக்குப் பக்கத்துக் கிராமம், அரசு பஸ் டிரைவரின் மகன். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கியபோது ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். அரையிறுதியில் கியூபாவின் எமிலியோ கொரியாவிடம் 5–8 என்று தோற்றார். அடுத்த ஆண்டு மிலானில் உலகப் போட்டி. அங்கேயும் அரையிறுதி, அங்கேயும் தோல்வி. இந்த முறை உஸ்பெகிஸ்தானின் அப்பாஸ் அத்தோயெவ், 3–7. அந்த ஆண்டு உலகச் சாம்பியனும் அவரே.

பிறகு 2010 குவாங்சௌ. ஆசிய விளையாட்டு இறுதிச் சுற்று, எதிரில் அதே அத்தோயெவ். முடிவு 7–0.

அன்றைய கணக்கு முறையைத் தெரிந்துகொண்டால்தான் இந்த எண்ணின் எடை புரியும். மேடையைச் சுற்றி ஐந்து நடுவர்கள், ஆளுக்கொரு பொத்தான். குத்து சுத்தமாக விழுந்தது என்று மூன்று பேராவது ஒரு நொடிக்குள் அழுத்தினால்தான் ஒரு புள்ளி. உரசல், தள்ளல் எதுவும் சேராது. ஒன்பது நிமிஷம் ஆடியும் ஓர் உலகச் சாம்பியனால் அப்படி ஒரே ஒரு குத்தைக்கூடப் பதிய வைக்க முடியவில்லை. விஜேந்தர் முந்திக்கொண்டு பாய்கிற ரகமும் இல்லை. எதிராளி வரட்டும் என்று அரையடி பின்வாங்கி, அவன் கை நீண்ட நேரத்தில் திருப்பிக் கொடுப்பவர். 2012 லண்டனில் அத்தோயெவ் 17–13 என்று கணக்கைத் தீர்த்துக்கொண்டார். அதுவும் நல்ல சண்டைதான்.

எங்கள் ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. மீன்பிடி உரிமை பெற்ற தலைக்கட்டுக்காரர்கள் முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். இறால் ஓடுகிற இடம் இன்று வாய்க்கலாம், நாளைக்கு வெறும் பாசிதான் மிஞ்சலாம். முறைக்கு வந்த இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.  அமெச்சூர் போட்டியின் குலுக்கலும் அப்படித்தான். கொரியா வந்தாலும் அத்தோயெவ் வந்தாலும் ஏறி நிற்க வேண்டும்.

தொழில்முறையில் எதிராளியைப் பொறுக்குவதே ஒரு தொழில். புரமோட்டரின் மூளையில் பாதி அதற்கே செலவாகும். 2015இல் மான்செஸ்டரில் தொடங்கிய விஜேந்தர், மறு ஆண்டே டெல்லியில் கெர்ரி ஹோப்பை வென்று டபிள்யூபிஓ ஆசிய பசிபிக் பெல்ட்டைக் கட்டினார். அதை உலகப் பட்டம் மாதிரி கொண்டாடினோம். அடுத்தடுத்து வந்தவர்களில் பலர் உச்சத்தை எப்போதோ தாண்டியவர்கள். 2019 நவம்பரில் துபாயில் நின்ற சார்லஸ் அடாமு 40 வயதைக் கடந்தவர். உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர்கூட அந்தப் பன்னிரண்டில் இல்லை. 2021 மார்ச்சில், கோவாவில் ஒரு சூதாட்டக் கப்பலின் மேல்தளத்தில், அதிகம் பேர் அறியாத ரஷ்யர் ஆர்திஷ் லொப்சான் ஐந்தாம் சுற்றில் சண்டையை முடித்தார். விஜேந்தருக்கு அப்போது 35 வயது; மேடை ஏறி ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அந்தத் தோல்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 29 வயதில் வந்தவருக்கு, கை வேகம் இருந்த இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு பெரிய பெயரைக் கொண்டுவந்து நிறுத்தாததுதான் குறை.

பிரிட்டனில் ஆட்லி ஹாரிசன் கதை இதைவிடக் கொடுமை. 2000 சிட்னியில் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம், கையோடு பிபிசியின் பத்து லட்சம் பவுண்ட் ஒப்பந்தம். 2010இல் டேவிட் ஹேயிடம் மூன்றாம் சுற்றில் சாய்ந்த பிறகு, அந்தத் தங்கத்தையே கேலி பேசினார்கள். சிட்னியில் அவர் யாரையும் பொறுக்கி எடுத்து அடிக்கவில்லையே!

நம் ஊர் ஹெவிவெயிட் கௌர் சிங்குக்கு, தொழில்முறைக்குப் போய்ப் பழைய புகழைக் கெடுத்துக்கொள்ளும் இந்தச் சிக்கலே வரவில்லை. 1980இல் டெல்லியில் முகமது அலியோடு காட்சிப் போட்டியில் நின்ற ராணுவக்காரர், 1982 ஆசிய விளையாட்டுத் தங்கம். தொழில்முறைப் பக்கமே போகவில்லை. அவர் புகழைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை, ஆனால் வயதான காலத்தில் இருதய சிகிச்சைக்குக் கடன் வாங்கித் தவித்தார். கடைசியில் ராணுவம்தான் கைகொடுத்தது. 2023இல் காலமானார். விஜேந்தர் பணத்துக்காகப் போனார் என்று பழிக்கிறவர்கள் கௌர் சிங்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதி வரை வந்த நிஷாந்த் தேவ், 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் தொழில்முறைக்குள் நுழைந்தார். முதல் எதிராளி முதல் சுற்றைத் தாண்டவில்லை. மாமா போனில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார். நான் கேட்பதெல்லாம், ஐந்தாவது, ஆறாவது சண்டையில் யாரை நிறுத்தப் போகிறார்கள் என்றுதான்.