பச்சைப் புள்ளி

மந்தாரக்குப்பத்துப் பெட்டிக்கடையில் இருபது ரூபாயை நீட்டி, பதினெட்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதிக்கு ரெண்டு மிட்டாய் வரும். "சில்லறை இல்ல சார், பாப்பாவுக்குக் குடுங்க." பகல் முழுக்க வங்கிக் கவுண்டரில் நாணயம் எண்ணுகிறவன் நான். அரசாங்கம் அடிக்காத இந்த நாணயம் மட்டும் என் கவுண்டருக்கு வருவதே இல்லை. பிள்ளைகளின் வயிற்றோடு முடிந்துபோகிறது.

போன வாரம் அந்தத் தாளை விரித்துப் படித்தேன். கம்பெனி பேர் இருந்தது. பச்சைப் புள்ளி இருந்தது. உள்ளே என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்பது இல்லை. கடைக்காரரிடம் ஜாடியை வாங்கித் திருப்பினேன். அங்கே இருந்தது, கடுகு எழுத்தில், இங்கிலீஷில்: சர்க்கரை, திரவ குளுக்கோஸ், 330, 124, சேர்க்கப்பட்ட மணம்.

கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு நினைக்க வேண்டாம் தோழர். சட்டமே அப்படித்தான். 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிப்படி, 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத உறையில் சேர்மானப் பட்டியலும் சத்து விவரமும் போட வேண்டியதில்லை. பெரிய பொட்டலத்தில் போட்டால் போதும். அதுவும் இங்கிலீஷ் அல்லது இந்தியில். தமிழ் அவனவன் விருப்பம். மொத்தமாக வாங்குகிறவனுக்கு விவரம் உண்டு. ஒண்ணு ரெண்டாக வாங்குகிற நம்ம ஜனத்துக்கு வெறும் தாள்.

பட்டியலை வாசிக்க ஒரு சூத்திரம்தான். எடையில் எது அதிகமோ அது முதலில் வரும். சர்க்கரை முதலில். அடுத்து வரும் திரவ குளுக்கோசும் வேறு பேரில் சர்க்கரைதான். மக்காச்சோளம், மரவள்ளி மாவை அமிலம் அல்லது நொதி கொண்டு உடைத்து எடுப்பது. ரெண்டையும் தண்ணீர் வற்றும்வரை 150 டிகிரி அளவுக்குக் காய்ச்சி ஆற வைத்தால் கண்ணாடிபோல இறுகும். 330 என்பது சிட்ரிக் அமிலம், புளிப்புக்கு. 124 என்பது சிவப்புச் செயற்கைச் சாயம். கிலோவுக்கு 100 மில்லிகிராம்வரை அனுமதி. தாளில் ஸ்ட்ராபெரி படம், உள்ளே பழம் கிடையாது. ஐந்து கிராம் மிட்டாய் என்றால் ஏறக்குறைய ஐந்து கிராமும் சர்க்கரை. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஐந்து மிட்டாயில் கணக்கு தீர்ந்துவிடும். டீ இன்னும் குடிக்கவில்லை.

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் கலந்திருந்தது. தடை சரிதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மூங்கில் கழியில் கட்டித் தோளில் சுமந்து விற்ற ஏழையைப் பிடிப்பது சுலபம். சட்டத்துக்கு உட்பட்டே பிள்ளைகளைச் சர்க்கரையில் ஊறப்போடுகிறவனைப் பிடிக்க எந்தப் பிரிவும் இல்லை.

உடனே சிலர் கிளம்பிவிடுவார்கள்: பாக்கெட்டை விடு, பாட்டி காலத்து அதிரசத்துக்குத் திரும்பு என்று. யாருடைய பாட்டி? கரும்பு வெட்டியது எங்க பாட்டி, வெல்லம் ஆண்டை வீட்டில் இருந்தது. எங்கப்பா டீக்கடையில் தனிக் குவளையில் குடித்தவர். ஒட்டிய பாக்கெட்டு பிஸ்கட்டில் மட்டும் சேரிக்குத் தனி, ஊருக்குத் தனி என்று இல்லை. எங்க ஜனம் பாக்கெட்டை ஏன் விரும்பியது என்பதற்கு ருசியைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. அந்தச் சமத்துவத்தை நான் விட்டுத்தர மாட்டேன். அதற்குள் என்ன வைத்து விற்கிறான் என்பதுதான் என் சண்டை.

மறுபடி அந்தப் புள்ளிக்கு வருகிறேன். இத்தனூண்டு தாளில் சேர்மானப் பட்டியலுக்கும் சத்து விவரத்துக்கும் விலக்குக் கொடுத்த சட்டம் பச்சைப் புள்ளிக்கு விலக்குக் கொடுக்கவில்லை. சைவமா அசைவமா என்று குறி போடும் இந்த விதி 2000-2001இல் வந்தது. மாட்டுக்கறி தின்றதில் தீண்டாமையின் வேரைக் கண்டவர் அம்பேத்கர். 1948இல் நூலாகவே எழுதினார். அந்தப் பழைய அருவருப்புக்கு அரசு ஒரு வட்டம் வரைந்து கொடுத்திருக்கிறது. இங்கிலீஷ் தெரியாதவருக்கும் சட்டென்று புரிய வேண்டிய சேதி எது என்று அரசு முடிவு செய்திருக்கிறது பாருங்கள்: கறி இருக்கிறதா என்பது. சர்க்கரை அல்ல. சர்க்கரையில் பச்சைப் புள்ளி! பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் நம்ம அம்மாக்கள் வாங்குகிறார்கள்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த பொட்டலத்தின் முன்பக்கத்தில் எண்கோணக் கறுப்பு முத்திரை போட வைத்தார்கள். இங்கே 2022இல் நட்சத்திரம் போடலாம் என்று வரைவு வந்தது. அரை நட்சத்திரம் வாங்கியவனும் நட்சத்திரம்தானே? நமக்கு வேண்டியது கறுப்பு முத்திரை. தமிழில். மிட்டாய்த் தாளிலும்.

நேற்றும் ரெண்டு மிட்டாய் எடுத்து வைத்தார். வேண்டாம், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குக் கழித்துக்கலாம் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் சார், இந்த வயசுலேயே சுகரா?"