ஃபைபர் பெட்டிக்கு உண்மையான விலை என்ன?

மயிலாப்பூர், தி.நகர் பசங்க காருக்கு ஆடியோ போடணும்னா மவுண்ட் ரோடு பக்கத்துல இருக்கிற ஜி.பி. ரோடுக்குத்தான் கிளம்புவாங்க. சப்-ஊஃபருக்கு மரப்பெட்டி வெச்சா டிக்கியில பாதி இடம் போச்சு. அதுக்குத்தான் ஃபைபர் கிளாஸ் பெட்டி. டிக்கி ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி, மேல ஃபைபர் மேட் விரிச்சு, ரெசின்ல ஹார்டனர் கலந்து பிரஷ்ஷால தடவணும். இறுகினதும் எடுத்தா அந்த ஓரத்தோட அச்சு அப்படியே வந்துடும். முன்பக்கம் எம்.டி.எஃப். வளையம் வெச்சு, துணியை இழுத்துக் கட்டி, அதுக்கும் ரெசின். அப்புறம் பட்டி, தேய்ப்பு, பெயிண்ட். இடமும் மிச்சம், பார்க்கவும் அழகு.

நான் பி.காம். படிக்கிறவன். கொட்டேஷனைக் கையில வாங்கினா எது விட்டுப்போச்சுன்னுதான் கண்ணு தேடும். மேட், ரெசின், கூலி எல்லாம் இருக்கு. வேலை செய்றவரோட மூச்சுக்கு மட்டும் கணக்கு இல்லை!

பாலியஸ்டர் ரெசின்ல இருந்து கிளம்புற அந்த நெடி ஸ்டைரீன். மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018-ல அதை வகைப்படுத்தியிருக்கு. தேய்க்கும்போது பறக்கிறது கண்ணாடி இழைத் தூள். நான் பார்த்த ஒரு பட்டறையில மூக்குல கட்டியிருந்தது வெறும் கைக்குட்டை. தூசியையே சரியா தடுக்காத துணி, ஆவியை எப்படிங்க தடுக்கும்?

"விலையை ஏத்தினா கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவாரு தம்பி"ன்னு முதலாளி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அப்போ கேட்க வேண்டியது நாமதான். ஆம்ப்ளிஃபையருக்கு ஆயிரக்கணக்குல கொடுக்கிறோம். ஆவியையும் தூசியையும் தடுக்கிற ஃபில்டர் மாஸ்க், காத்தோட்டமான இடம், இந்த ரெண்டையும் கொட்டேஷன்ல சேர்க்கச் சொல்லுங்க. அதுக்கான காசையும் கொடுங்க. பேரம் பேசியே ஆகணும்னா பெயிண்ட்ல பேசிக்கோங்க.