சன்ரூஃப் வழியே சாமை மூட்டை ஏறாது

"கஸ்டமர் கேட்கிறார், நாங்கள் தருகிறோம்." கார் கம்பெனிக்காரர்கள் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் பத்து வருடம் ஆகிறது. கஸ்டமர் கேட்பது கிராஸ்ஓவராம், அதாவது எஸ்யூவி வேஷம் போட்ட கார். ஆகவே வருங்காலமும் கிராஸ்ஓவராம். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த புது வண்டி அறிமுகத்திலும் இதே பல்லவிதான். மைக் பிடித்திருந்தவரிடம், "தம்பி, பின்னால எத்தனை மூட்டை புடிக்கும்?" என்று கேட்டேன். "சார், இதுல சன்ரூஃப் இருக்கு" என்றார்.

அவர்கள் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

விற்கும் கார்களில் நூற்றுக்கு 65, கிராஸ்ஓவரும் சேர்ந்த யுட்டிலிட்டி வண்டி என்கிறார்கள். 2024-25 கணக்கு அது, பொய்யில்லை. அந்த ஆசையை யார் ஊட்டினார்கள்? நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இன்ஜின். அதற்குக் குறைந்த வரி என்று 2006 பட்ஜெட்டில் வழி திறந்தார்கள். அன்று தொடங்கியது வண்டிகளுக்கு வால் நறுக்கும் வேலை. பொலிரோவையே 2016இல் நான்கு மீட்டருக்குள் அடக்கினார்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றியபோதும் அந்தக் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40. கஸ்டமர் கேட்டதாகச் சொல்கிறார்கள். இன்ச் டேப் கேட்டதுபோல்தான் எனக்குத் தெரிகிறது.

எந்த ரோட்டிலும் போகுமாம். பெரும்பாலானவை முன் சக்கரம் இழுக்கிற வண்டிகள். பின்னால் பாரம் ஏற்றி, மழை நாளில் எங்கள் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏற்றிப் பார்க்கட்டும். ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சாயும். முன் டயர் பிடி இல்லாமல் சுற்றும்.

கிராஸ்ஓவரில் பணம் கொட்டுமாம். சென்னைக்குப் பஸ் ஏறினால் உளுந்தூர்பேட்டை தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் மறைமலை நகர் வரும். ஃபோர்டு 2013இல் எக்கோஸ்போர்ட் என்ற குட்டி கிராஸ்ஓவரை இறக்கி ஊருக்கே வழிகாட்டியது அங்குள்ள ஆலையிலிருந்துதான். 2022இல் அந்த ஆலையிலிருந்து கடைசியாக வெளியே வந்ததும் எக்கோஸ்போர்ட்தான். ஆலையை மூடியதற்கு வேறு காரணங்களும் சொன்னார்கள். சொல்லட்டும்.

மின்சார எஸ்யூவி? மலைமேல் கரியாலூரில் கரண்ட் நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம்.

இதெல்லாம் போகட்டும். சரக்கு வண்டி வேறு, குடும்ப வண்டி வேறு என்று பிரித்துக்கொண்டு அடுத்த பத்து வருடத்துக்குத் திட்டம் போடுகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கல்வராயன் மலையில் வந்து பார்க்கட்டும். மரவள்ளி, எங்கள் வாயில் குச்சிக்கிழங்கு, பிடுங்கிவிட்டால் காத்திருக்காது. நாள் தள்ளினால் மாவு குறையும். மாவு குறைந்தால் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாவை அளக்கிற பாயிண்ட் குறையும். பாயிண்ட் குறைந்தால் காசு குறையும். விடியுமுன் கிழங்கோடு சின்னசேலத்துக்கோ ஆத்தூருக்கோ இறங்குகிற பிக்கப், திரும்பும்போது சிமெண்டோடு ஏறும். சாயங்காலம் அதே வண்டியில் காதுகுத்துக்கு இருபது பேர். நள்ளிரவில் இடுப்பு வலி கண்ட பெண்ணும் அதில்தான். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அது சரியான சட்டம்தான், கவிழ்ந்தால் தெரியும். ஆனால் மூட்டையும் மனிதரும் சேர்ந்து போக வேண்டிய ஊருக்கு இரண்டையும் பத்திரமாக ஏற்றும் வண்டியை அந்த ஊர்க்காரர்கள் வாங்குகிற விலையில் யார் செய்து கொடுத்தார்கள்? ஐந்து பேரும் பின்னால் சரக்கும் ஏறுகிற பொலிரோ கேம்பர் இருக்கிறது. எந்த விளம்பரத்தில் அதற்கு ஹீரோ வேஷம் கிடைத்தது? டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப் 2022இல் வந்தது, 34 லட்ச ரூபாயில். எத்தனை லோடு கிழங்கு என்று வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மலைக்காரர் வாங்கும் பிக்கப் கம்பெனிக் கணக்கில் வணிக வாகனம். அந்த 65க்குள் அவர் வரவே மாட்டார். கணக்கிலேயே இல்லாதவர் வாய் திறந்து கேட்டால் யாருக்குக் கேட்கும்? டாடா ஏஸ் எப்படி வந்தது? மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர்களிடம் போய் உட்கார்ந்து விசாரித்து, இரண்டு சிலிண்டர், 700 சிசி இன்ஜினோடு 2005இல் இறக்கினார்கள். சன்ரூஃப் இல்லை, ஸ்டைல் இல்லை. சனம் குட்டி யானை என்று பெயர் வைத்தது. பன்னிரண்டு வருடத்தில் இருபது லட்சம் வண்டி போனது. அந்தக் குட்டி யானைக்குப் பின்னால் பெல்ட்டோடு மடக்கு சீட்டும் தலைக்கு மேல் கம்பிக் கூண்டும் வைக்க எந்த ராக்கெட் விஞ்ஞானி வர வேண்டும்?

அறிமுக விழா முடிந்து வெளியே வந்தபோது, மண்டபத்து வாசலில் பந்தல் சாமானும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு பழைய பிக்கப்பில் ஏறிக்கொண்டிருந்தன. நாற்காலி அடுக்கின் மேல் நான்கு பையன்கள் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். புது வண்டியின் பேனர் அவர்கள் மடியில் சுருட்டிக் கிடந்தது.