பாதியில் நின்ற பாட்டு! பாதுகாக்காத படம்!

1957-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை இரவு.

அமெரிக்காவில் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். எட் சல்லிவன் என்பவர் நடத்திய பல்சுவை நிகழ்ச்சி நடந்து கொண்டிருந்தது. ஆட்டம், பாட்டம், வித்தை, வேடிக்கை எல்லாம் அதில் உண்டு.

கடைசியாக ஒரு வாலிபர் வந்தார். வயது 26. கறுப்பு இனத்தவர். பெயர் சாம் குக். பாட ஆரம்பித்தார். ஆரம்பித்ததுதான் தாமதம், படம் மறைந்துவிட்டது! நேரம் முடிந்துவிட்டது. நிகழ்ச்சியும் நின்றுவிட்டது.

பார்த்தவர்களுக்குக் கோபம் வந்தது. கண்டனம் தெரிவித்தார்கள். டிசம்பர் 1-ந் தேதி எட் சல்லிவன் அவரை மறுபடியும் அழைத்தார். நடந்த தவறுக்கு வருத்தம் தெரிவித்தார். சாம் குக் முழுப் பாட்டையும் பாடினார். நாடே கேட்டது.

யார் இந்த சாம் குக்?

மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் என்ற ஊரில் 1931-ம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் மத போதகர். கோவிலில் பக்திப் பாட்டுப் பாடி வளர்ந்த பிள்ளை. பிறகு காதலையும் வாழ்க்கையையும் பாடினார். பக்திப் பாட்டின் உருக்கம் அதிலும் இருந்தது. இந்த வகைப் பாட்டுக்கு 'சோல்' என்று பெயர். 'ஆன்மா' என்று பொருள். அதற்கு வழி போட்டவர்களில் சாம் குக் முக்கியமானவர்.

ஹோட்டலில் இடம் இல்லை

1963-ம் ஆண்டு அக்டோபர் மாதம். சாம் குக் தன் மனைவியுடனும் குழுவினருடனும் லூசியானா மாநிலத்தில் ஷ்ரீவ்போர்ட் நகருக்குப் போனார். ஒரு ஹோட்டலில் முன்பே இடம் சொல்லி வைத்திருந்தார். போய் நின்றதும் 'இடம் இல்லை' என்றார்கள். காரணம், அவருடைய தோலின் நிறம்.

சாம் குக் வாதாடினார். முடிவு என்ன? அமைதியைக் கெடுத்ததாகச் சொல்லி அவரையே கைது செய்தார்கள்!

அந்த வேதனை அவர் மனத்தில் தங்கியது. சில மாதங்களில் ஒரு பாட்டு எழுதினார். 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' என்பது அதன் பெயர். 'மாறுதல் வரத்தான் போகிறது' என்பது பொருள். 1964-ம் ஆண்டு ஜனவரி மாதம் அதை இசைத்தட்டுக்காகப் பாடினார்.

அதே ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி, ஜானி கார்சன் நடத்திய 'டுநைட் ஷோ' என்ற டெலிவிஷன் நிகழ்ச்சியில் விருந்தாளியாகத் தோன்றினார். பெரிய வாத்தியக் கோஷ்டியுடன் இந்தப் பாட்டைப் பாடினார். அதன் பிறகு மேடையில் இதை அவர் பாடவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

அந்தப் படத்தை இன்று பார்க்க முடியுமா? முடியாது. டெலிவிஷன் கம்பெனி அதைப் பாதுகாக்கவில்லை!

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 9-ந் தேதி, எட் சல்லிவன் நிகழ்ச்சியில் இங்கிலாந்தின் 'பீட்டில்ஸ்' கோஷ்டி பாடியது. சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தப் படம் பத்திரமாக இருக்கிறது. பேரப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். இதுவும் டெலிவிஷன், அதுவும் டெலிவிஷன். ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை.

ஏன் இப்படி?

டெலிவிஷன் படத்தைப் பதிவு செய்யும் நாடா 1956-ம் ஆண்டுதான் புழக்கத்துக்கு வந்தது. இரண்டு அங்குல அகலம். விலை அதிகம். ஆனால் பழையதை அழித்துவிட்டு, அதன் மேலேயே புதியதைப் பதிவு செய்யலாம். 'நேற்று காட்டியதை யார் மறுபடி பார்க்கப் போகிறார்கள்?' என்று கம்பெனிகள் நினைத்தன. ஜானி கார்சனின் முதல் பத்து வருட நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி இப்படித்தான் போனது.

1964-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி சாம் குக் சுடப்பட்டு இறந்தார். வயது 33. அந்தப் பாட்டு தனி இசைத்தட்டாக வெளிவந்தது டிசம்பர் 22-ந் தேதி. உரிமைக்காகப் போராடிய கறுப்பு இன மக்களின் கீதமாக அது ஆயிற்று. 2007-ம் ஆண்டு, காக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைச் சேர்த்துக் கொண்டது.

குரல் பிழைத்தது. ஆனால், பாடும்போது அந்த முகம் எப்படி இருந்தது? கண் கலங்கியதா? கை நடுங்கியதா? இனி யாருக்கும் தெரியாது.

இன்று அருமை தெரியாது

நாளைக்கு எது பெரிதாகும் என்பது இன்றைக்குத் தெரிவதில்லை. ஆகவே, 'இது எதற்கு?' என்று எதையும் அவசரப்பட்டு அழிக்கக் கூடாது. கலையைக் காட்டிப் பணம் சேர்க்கிறவர்களுக்கு, அதைக் காப்பாற்றும் கடமையும் உண்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். படம் போன பிறகும், சாம் குக் எந்தத் தேதியில், எந்த நிகழ்ச்சியில், எந்தப் பாட்டைப் பாடினார் என்பது நமக்குத் தெரிகிறது. எப்படி? யாரோ பொறுமையாக எழுதி வைத்தார்கள். ஒரு வரிக் குறிப்புக்குக் கூட அவ்வளவு மதிப்பு!

நம் வீட்டிலும் பாட்டி பாடுகிறார். பேத்தி செல்போனில் படம் பிடிக்கிறாள். நல்லதுதான். அதோடு விடாதீர்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். செல்போன் பழுதானாலும் போகாதபடி இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

பாதியில் நின்ற பாட்டை மறுபடி பாட வைக்கலாம். 1957-ல் அப்படிச் செய்தார்கள். அழித்த படத்தை யாரால் மீட்க முடியும்?