பட்டியலில் நம் பெயரும் இருந்தது

"நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வந்தாத்தான் அண்ணாச்சி உருப்படும்."

தாராவி 90 அடிச் சாலைத் தேநீர்க் கடைகளில் இந்தப் பேச்சு காதில் விழாத வாரமே இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லையா, ரேஷன் கடையில் வரிசை நகரவில்லையா, உடனே ஹிட்லரை அழைத்துவிடுகிறோம். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் அவன் எழுதிய 'எனது போராட்டம்' நூலை நம் வீட்டுப் பிள்ளைகள் விலை பேசி வாங்குவதையும் பார்க்கிறோம். வாங்கட்டும், படிக்கட்டும். ஆனால் அதில் இருப்பது என்ன சரக்கு என்று தெரிந்து படிக்க வேண்டாமா?

அதன் முதல் பாகம் 1925-இல் வந்தது. மனிதரில் பிறப்பால் உயர்ந்தவன் ஆரியன், அவனை அழிக்க வந்த நச்சுக் கிருமி யூதன், இதுதான் அதன் சாரம். (பிறப்பால் உயர்வு தாழ்வு என்பது நமக்குப் புதிதல்ல, ஊரிலேயே பார்த்துவிட்டுத்தான் ரயிலேறினோம்.) முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதற்கும் யூதனே காரணம் என்றான் ஹிட்லர். அந்தப் போரில் ஏறத்தாழ 1 லட்சம் யூதர்கள் ஜெர்மன் படையில் இருந்தார்கள். சுமார் 12,000 பேர் உயிர் கொடுத்தார்கள். வட்டிக்கு விடும் முதலாளியும் யூதன், முதலாளியை எதிர்க்கும் கம்யூனிஸ்டும் யூதன் என்றான். இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று அவன் கூட்டத்தில் கேட்க ஆளில்லை. 1932-இல் அந்த நாட்டில் வேலையில்லாதோர் சுமார் 60 லட்சம். யூதரோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை!

1933 ஜனவரி 30-இல் பதவிக்கு வந்தவன், ஏப்ரல் 1-இல் யூதர் கடை வாசல்களில் ஆள் நிறுத்தினான். அடுத்த சில நாளில் அரசு வேலையிலிருந்து யூதரை நீக்கச் சட்டம். 1935-இல் குடியுரிமை போயிற்று. 1938 நவம்பரில் தொழுகைக்கூடங்கள் எரிந்தன. முடிவில் 60 லட்சம் யூதர் கொல்லப்பட்டனர். நச்சுவாயு கடைசியில் வந்தது. முதலில் வந்தது, "நம் வேலையில் இவன் ஏன் உட்கார்ந்திருக்கிறான்?" என்ற கேள்வி.

அந்தக் கேள்வி பம்பாயில் நம்மை நோக்கியும் வந்தது. 1960-இல் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், கம்பெனிகளில் பதவியில் இருந்த தென்னாட்டவரின் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டது. 1966 ஜூன் 19-இல் சிவசேனை பிறந்தது. 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி' என்ற கூச்சல் தெருவுக்கு வந்தது. தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எல்லோருக்கும் 'மதராசி' என்று ஒரே பெயர். உடுப்பி ஓட்டல்களின் மேல் கல் விழுந்தது. ரயில் பெட்டியில் தமிழைத் தாழ்ந்த குரலில் பேசிய காலத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 2012-இல் மறைந்த தாக்கரே, ஹிட்லரை மதிப்பதாகப் பேட்டிகளில் ஒளிக்காமல் சொன்னவர். அவன் செய்த எல்லாவற்றையும் ஏற்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

பம்பாய் பெர்லின் ஆகிவிடவில்லை. அன்று கதவைத் திறந்து நம்மை உள்ளே அழைத்துக்கொண்ட மராத்தியக் குடும்பங்களும் உண்டு. மராத்தித் தொழிலாளியின் வேலையில்லாத் திண்டாட்டமும் பொய்யல்ல. ஆனால் ஆபீசில் டைப் அடித்த பாலக்காட்டுக்காரனும் தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலிக்காரனுமா அதை உண்டாக்கினார்கள்?

பிறகு பட்டியலில் பெயர் மாறியது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரத்தில் 900 பேர் மாண்டார்கள் என்று ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்குச் சொன்னது, பெரும்பாலோர் முஸ்லிம்கள். தாராவியிலும் ரத்தம் சிந்தியது. அங்கே அஞ்சி ஒடுங்கியவர்களில் நம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்களும் உண்டு. எதிரே நின்ற கூட்டத்தில் நம் இளைஞர் சிலரும் இருந்தார்கள் என்று எழுதக் கை கூசுகிறது. லுங்கியை உருவ வந்தவர்களோடு சேர்ந்து நிற்க எப்படி மனம் வந்தது, தம்பி?

யூதரும் நமக்கு அயலாரல்லர். நம்மவர் மூட்டை சுமக்கும் மஸ்ஜித் பந்தருக்கு அந்தப் பெயர், 1796-இல் அங்கே எழுந்த யூதத் தொழுகைக்கூடத்தால் வந்தது என்பார்கள். கொங்கணத்தில் செக்காட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் மக்கள் கட்டியது அது. சனிக்கிழமை அவர்கள் செக்கு ஓடாது என்பதால் ஊரார் வைத்த பெயர் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்'. 2006-இல் நவி மும்பை கார்கரில் ஹிட்லர் பெயரில் ஓர் ஓட்டல் திறந்தபோது, இங்கே எஞ்சியிருக்கும் சில ஆயிரம் யூதர்கள் எழுந்து எதிர்த்தார்கள். சில நாளில் பெயர்ப்பலகை மாறியது. அன்று எந்தத் தமிழ்ச் சங்கமாவது அவர்களோடு போய் நின்றதா? நம்மையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.